மூன்று மேய்ச்சல் வெளிகள்

கருங்காட்டில் மழை பொய்த்துப்போனது. செந்நாய்க் கூட்டம் பெருகிவிட்டது.

"எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் உங்களைக் காக்க முடியும்" என்றது சிங்கராஜா அடலேறு.

எந்த இடம்? மலைச்சரிவு, ஆற்றங்கரை, மூங்கில்காடு மூன்றிலும் மிருகங்கள் எல்லாம் மாதத்துக்கு ஓர் இடமாகத் தங்கிப் பார்த்தன. பிறகு சபை கூடியது.

மந்திரி நரி வக்கிரன் முன்னால் வந்தது. "அரசே! எல்லாருடைய எடையையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். மூங்கில்காட்டில்தான் நம் குடிகள் கொழுத்திருக்கிறார்கள்!"

சிங்கம் தலையசைக்கப் போனது. அப்போது செவ்வரி என்ற பெண்மான் எழுந்தது.

"அரசே, என் குட்டி மூங்கில்காட்டில்தான் பாலில்லாமல் செத்தது. மந்திரியின் கூட்டலில் அது எங்கே போயிற்று?"

"ஒரு குட்டிக்காகப் பெரிய கணக்கை மாற்றுவதா!" என்று சீறியது நரி.

"எடையைக் கூட்டவே வேண்டாம்" என்றது மான். "முயலையும் யானையையும் ஒரே தராசில் வைக்கவும் வேண்டாம். அவரவர் தம் உடம்பைத் தம் உடம்போடே ஒப்பிடட்டும். மூன்றில் எது முதலிடம், எது கடைசி என்று மட்டும் சொல்லட்டும்!"

சிங்கம் ஒவ்வொருவராகக் கேட்டது.

"ஆற்றங்கரை முதலிடம், மலைச்சரிவு அடுத்தது, மூங்கில்காடு கடைசி" என்றது முயல். காட்டுப்பன்றியும் அதையே சொன்னது. முள்ளம்பன்றி மலைச்சரிவை முதலில் வைத்தது. அதற்கும் மூங்கில்காடு கடைசிதான். மற்றவர்களில் பலர் ஆற்றங்கரையை முதலில் வைத்தார்கள்; அவர்களும் மூங்கில்காட்டைக் கடைசியில்தான் தள்ளினார்கள்.

யானை மாமதன் மட்டும் தயங்கியது. "எனக்கு மூங்கில்காடுதான் முதலிடம்" என்றது மெதுவாக. பிறகு சுற்றிலும் ஒட்டிப்போன வயிறுகளைப் பார்த்தது. "என் ஒருவன் கொழுப்பு உங்கள் எல்லாருடைய இளைப்பையும் மறைத்துவிட்டது. எனக்கு இது தெரியாது, செவ்வரி."



சிங்கம் நரியின் பக்கம் திரும்பியது. "உன் வளை எங்கே இருக்கிறது?"

"மூங்கில்காட்டு ஓரம், அரசே."

"அங்கே விழுந்து செத்தவர்களை யார் தின்றது?"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது.

"நீ அங்கேயே இரு. நாங்கள் ஆற்றங்கரைக்குப் போகிறோம்!"

ஆற்றங்கரையில் தனக்கு அரைவயிறுதான் என்று தெரிந்தும், யானை முன்னால் நடந்து முட்புதர்களை மிதித்து வழி செய்தது. செவ்வரி ஒருமுறை மூங்கில்காட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு நடந்தது.

ஒருவன் பெருத்ததை ஊரே செழித்ததாகக் கொள்ளாமல், அவரவர் நேற்றை அவரவர் இன்றோடு ஒப்பிட்டு ஒவ்வொருவர் சொல்லையும் கேட்பதே நியாயமான தீர்ப்பு.