பொறிவண்டின் முதுகில் வைத்த பொட்டு

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கு வாய் இருந்தது கடிப்பதற்கு மட்டுமில்லை, பேசுவதற்கும்தான். நல்லவையும் பேசின, கெட்டவையும் பேசின. கெட்டவை கொஞ்சம் கூடுதலாகவே நன்றாகப் பேசின.

அப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சீனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகள் ராக்குவுக்கு அம்மை போட்டது. பிள்ளை கண் திறக்கவில்லை, தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. “ஆத்தா, இவள எங்கிட்டயே விட்டுட்டுப் போ. என் கையால உனக்கு முளைப்பாரி போட்டு எடுக்குறேன்” என்று சீனியம்மா வேண்டிக்கொண்டாள். மாரியாத்தாளும் விட்டுவிட்டுப் போனாள். எழுந்து உட்கார்ந்த பிள்ளை முதலில் கேட்டது பழைய சோறு. அதைப் பிசைந்து ஊட்டும்போது தாய்க்காரி அழுத அழுகையில் சோற்றுக்கு உப்பே தேவைப்படவில்லை.

முளைப்பாரி தெரியும்தானே? பானையில் மண்ணும் எருவும் போட்டு, தட்டப்பயறும் பாசிப்பயறும் தூவி, வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருட்டறையில் வளர்ப்பது. குளித்துவிட்டு ஈரச்சேலையோடு போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த ஊரில் உள்ளே விளக்குகூடக் கொண்டுபோக மாட்டார்கள். ஆத்தா வளர்ப்பதை எட்டிப் பார்க்க நாம் யார் என்பார்கள். பாரி செழித்தால் நேர்த்திக்கடனை அவள் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். வாடிப்போனால், கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாள் என்று பொருள். அதனால் சீனியம்மாவின் கண்ணுக்கு ராக்குவின் உயிரே அந்தப் பானைக்குள்தான் இருந்தது.

ஒருநாள் தண்ணீர் தெளித்தபோது அவள் விரலில் பொடிப்பொடியாக ஏதோ தட்டுப்பட்டது.

“யாரது?” என்றாள்.

“நாங்கதான் ஆத்தா, செடிப்பேன் கூட்டம். ஊருக்குப் புதுசு. அம்மன் பேரைக் கேட்டு வந்தோம். ஒரு ஓரமா ஒண்டிக்கிறோம்” என்று மெல்லிய குரல்கள் கேட்டன.

“பயிரக் கடிச்சு வச்சிராதீங்க.”

“கடிக்கவா? எங்களுக்குப் பல்லே கிடையாதே ஆத்தா. மாரியாத்தா மேல சத்தியம், ஒரு இலையக் கடிக்க மாட்டோம்.”

அது பொய்ச் சத்தியமில்லை. செடிப்பேனுக்கு உண்மையிலேயே பல் கிடையாது. ஊசி போன்ற குழாய்தான் உண்டு. அதைச் செருகி உறிஞ்சும். அதைத்தான் அவை சொல்லவில்லை. சீனியம்மாவும் விருந்தாளிகளுக்குச் சேர்த்து ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அறைக்குள் நுழைந்தபோது நறுக் நறுக் என்று சத்தம் கேட்டது. 

“யாரது? என்ன பண்ற?”

“தின்னுட்டிருக்கேன்” என்றது ஒரு முரட்டுக் குரல்.

“எதத் தின்ற?”

“வாய்ல இருக்கு. முழுங்கிட்டுச் சொல்றேன்.”

இப்படி ஒரு பதிலைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? சீனியம்மா கையை விட்டுத் துழாவி, உருண்டையாக அகப்பட்டதை எடுத்து ஒரே சுண்டாகச் சுண்டி வாசலில் எறிந்தாள். சிவப்பு வண்டு ஒன்று முருங்கை மரத்தடியில் மல்லாந்து விழுந்தது. அவள் விரலில் மஞ்சளாய் ஏதோ ஒட்டி, கழுவியும் போகாமல் நாறியது. பார், உடம்பெல்லாம் விஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அறையில் சத்தமே இல்லை. செடிப்பேன்கள் மட்டும் “நல்ல காரியம் செஞ்ச ஆத்தா” என்று வாழ்த்தின. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா?

ஆனால் பாரி தலை சாய்ந்தது. தண்ணீர் சுமந்துவந்து தந்த நாத்தனார் மாயக்கா நிலைப்படியில் நின்றபடியே தொட்டுப் பார்த்தாள்.

“மதினி, தண்டு துவண்டு கிடக்கே. கொட்டு கொட்டி ஊரே கும்பிடப்போற நேரத்துல இது என்ன? ஆத்தாளுக்கு மனசு இல்லையோ?”

சீனியம்மாவும் பானைக்குள் கை விட்டுத் துழாவிப் பார்த்தாள். வெளியே ஓடி, விளையாடிக்கொண்டிருந்த ராக்குவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை.  குழந்தையைத் தொட்ட விரல்கள் பிசுபிசுவென்று ஒட்டின. நாக்கில் வைத்துப் பார்த்தாள், இனித்தது. பயற்றுப் பானையில் கை விட்டுவிட்டு வந்தவளுக்கு இனிப்பு எங்கிருந்து வந்தது?

அவள் விளக்கை ஏற்றினாள்.

“மதினி, வேணாம். வழக்கம் இல்ல” என்றாள் மாயக்கா.

“ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் கால்ல விழுந்துக்கிறேன். பாக்காமக் காப்பாத்த எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு சீனியம்மா இருட்டறைக்குள் விளக்கோடு போனாள். ஓர் இலையை மெல்லப் புரட்டினாள்.

அடியில் இடம் இல்லாமல் அப்பியிருந்தன செடிப்பேன்கள். ஒவ்வொன்றும் குழாயைச் செருகிக்கொண்டு, வாலால் தேன் சொட்டிக்கொண்டு கொழுத்திருந்தது. எறும்புகள் வரிசையில் நின்று அதை நக்கின. “விளக்க அணை தாயி, பால் கறக்குற நேரம்” என்று அதட்டியது ஓர் எறும்பு. இலைமேல் காய்ந்த கூடுகள் சில கிடந்தன. எல்லாம் செடிப்பேனின் கூடுகள். இலையில் மட்டும் ஒரு கடித் தடம் இல்லை.

நறுக் நறுக்கென்று தின்றவன் எதைத் தின்றான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

முருங்கை மரத்தடிக்கு ஓடினாள். வண்டு ஓர் இறக்கை ஒடுங்கி, காய்ந்த சருகின்மேல் கிடந்தது.

“அறியாம அடிச்சுட்டேன். வருவியாய்யா?” என்றாள்.

“முழுங்கிட்டுச் சொல்றேன்னுதான சொன்னேன்” என்றது வண்டு. கொஞ்ச நேரம் முறைத்தது. பிறகு, “மிச்சம் இருக்கா?” என்று கேட்டது.

அவள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனாள். வண்டு வேலையை ஆரம்பித்தது. தன் சொந்தபந்தங்களையும் கூப்பிட்டுக்கொண்டது. நறுக் நறுக்கென்ற சத்தத்தைக் கேட்டபடி சீனியம்மா நிலைப்படியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைவிட நல்ல தாலாட்டை அவள் கேட்டதில்லை. திருவிழாவுக்குள் பாரி முழங்கை உயரம் நிமிர்ந்துவிட்டது.

பாரி எடுக்கும் நாளன்று, கூட்டத்தில் கண்பட்டுவிடக் கூடாதென்று ராக்குவின் கன்னத்தில் கறுப்பாக ஒரு மைப்பொட்டு வைத்தாள் சீனியம்மா. பானை விளிம்பில் வெளியே கிளம்பத் தயாராக நின்றது வண்டு. அவள் விரலில் இன்னும் மை இருந்தது.

“நில்லு. இன்னொரு வீட்டுக்குப் போவ. அங்கயும் இருட்டா இருக்கும், உனக்கும் வாய் சரியில்ல. என்னைய மாதிரி ஒருத்தி கையத்தான் முதல்ல ஓங்குவா” என்றாள். அதன் சிவந்த முதுகில் மெல்ல ஒரு பொட்டு வைத்தாள்.

“ஒண்ணு போதாதா?” என்றது வண்டு, அவள் இன்னொன்று வைத்தபோது.

“எம்பிள்ளைக்கு ஒண்ணு போதும். நீ கண்ட வீட்டுக்கும் போறவன்.”

மை தீரும்வரை வைத்தாள். வண்டு ஒன்றும் பேசவில்லை, இத்தனைக்கும் அதன் வாயில் எதுவும் இல்லை.

அன்று முதல்தான் பொறிவண்டின் முதுகில் கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றன. இது யாரோ ஒருத்தி தன் பிள்ளையாக எண்ணிப் பொட்டு வைத்துவிட்ட பூச்சி என்று தெரிந்தவர்கள் இன்றும் அதை நசுக்குவதில்லை. உள்ளங்கையில் ஏந்திப் போய்ச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள்.