முத்திரை மேல் சந்தனம்

டேப்லெட் கணினி என்றாலே சிகரம் கம்பெனிதான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம். துளிர் என்ற சின்னக் கம்பெனியின் சரக்கு சபாபதி கடையில் பின்வரிசையில் தூங்கியது. முன்வரிசையில் இடம் கேட்டாள், துளிரின் விற்பனைப் பெண் மணிமொழி.

"கையில எடுத்ததுமே எது சிகரம்னு தெரிஞ்சிடும்மா. தெரியாம முழிக்கிற ஒரு ஆளைக் காட்டு, இடம் தர்றேன்," என்றார் சிகரத்தின் மேனேஜர் கஜேந்திரன், கடையே தன்னுடையது போல.

"சரிங்க சார். நாளைக்கு ஆயுத பூஜை. எல்லா டேப்லெட்டுக்கும் நீங்களே பொட்டு வெச்சிடுங்க."

கஜேந்திரனுக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள், அணைத்துக் கவிழ்த்துக் கலந்து அடுக்கியிருந்த டேப்லெட்டுகளின் முதுகில், சரியாகக் கம்பெனி முத்திரை மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

பூஜை முடிந்ததும், "உங்களோடதை எடுத்து முன்னால வைங்க சார்," என்றார் சபாபதி.

கஜேந்திரன் ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றைத் தடவினார். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே கனம். பூஜையில் வைத்ததை அன்றைக்கு இயக்கவும் கூடாது. கடைசியில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இந்த வழவழப்பு வேற எவனுக்கு வரும்?" என்றார்.

சபாபதி சந்தனத்தைத் துடைத்தார். துளிர்!

மணிமொழி பணிவாகச் சொன்னாள்: "அதை அப்படியே முன்னால வெச்சிடுங்க சார், உங்க கையாலேயே."