மை ஒட்டாத இடம்

"டீச்சர், அந்த வீடு வெளியே தெரியவே கூடாது. ஏதாவது வழி சொல்லுங்க."

எம்ரிஸ் மரக்கட்டையை மேசைமேல் வைத்தார். உளி இன்னும் கையிலேயே இருந்தது.

வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்தில் டீச்சர் கார்வெனின் சின்ன அச்சகம் அது. மரத்தில் படம் செதுக்கி, மை தடவி, கையாலேயே புத்தகம் அச்சிடுவார். எம்ரிஸ் குவாரியில் சிலேட்டுக்கல் உடைத்தே காலம் கழித்தவர். அறுபது வயதுக்குமேல் தன்னைவிட இருபது வயது இளைய ஆசிரியையிடம் செதுக்கக் கற்க வந்திருந்தார்.

கட்டையில் அவர் ஊர்ப் பள்ளத்தாக்கு. ஒரு மாத உழைப்பு. புத்தகத்தில் வரப்போகும் அவருடைய முதல் படம். நண்பகலில் அச்சேற வேண்டும்.

"எந்த வீடு?"

"ஆத்தோரம் இருக்கே, அந்த ஆளோடது."

அந்த ஆள் அவருடைய கூடப்பிறந்த தம்பி ஈவான்.

"ஊரே பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் பண்ணினோம் டீச்சர். அந்த ஆள் மட்டும் சாப்பாட்டு டப்பாவோட வேலைக்குப் போனான். இருபத்தொரு வருஷமா நான் அவன் முகத்துல முழிக்கலை."

"அப்புறம் ஏன் செதுக்கினீங்க?"

"கை தானா செதுக்கிடுச்சு. காலையிலேருந்து சுரண்டறேன். கூரை போச்சு, சுவர் போச்சு. இன்னும் ஆழமாச் சுரண்டவா?"

கார்வென் உருளையை எடுத்தார். கட்டைமேல் கறுப்பு மையை உருட்டினார். தாளை வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தார். உரித்து எடுத்து நீட்டினார்.

எம்ரிஸ் பார்த்தார். 

வெட்டிய பள்ளத்தில் மை ஒட்டாது; அந்த இடம் தாளில் வெள்ளையாக நிற்கும். முதல் நாள் படித்த பாடம். கோபத்தில் மறந்துபோனது.

மலை கறுப்பு. ஆறு மெல்லிய கோடு. ஆற்றோரத்தில் அரிசியளவு பளீரென்று வெள்ளை.

"கெட்டுப்போச்சு, இல்லையா டீச்சர்?"

கார்வென் அச்செழுத்துக் கோர்க்கும் க்விலிமைக் கூப்பிட்டார். அவன் வெளியூர்க்காரன். அண்ணன் தம்பி பகை ஒன்றும் தெரியாது.

"அடடா!" என்றான் க்விலிம். "இத்தனை இருட்டுல ஒரே ஒரு வீட்ல விளக்கு. கண்ணு வேற எங்கேயும் போகமாட்டேங்குது. உங்களுக்குள்ள இப்படி ஒரு கலைஞனா, ஐயா!"

எம்ரிஸ் ஆசிரியையைப் பார்த்தார். அவர் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சு ஐயா," என்றான் க்விலிம். " படத்துக்குக் கீழே என்ன கோர்க்கட்டும்? யாரு வீடு இது?"

எம்ரிஸ் உளியைக் கீழே வைத்தார்.

"என் தம்பி வீடு."