ஆமை நகர்வதற்குள் ஏறிய விலை

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் கருவாலன் என்ற மரநாய் கிழங்கு போண்டாக் கடை வைத்திருந்தது. ஒரு போண்டா, ஒரு புளியங்கொட்டை. சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்கள் சுடச்சுட ஒரு போண்டாவைக் கடித்துக்கொண்டேதான் வீடு திரும்பும். கடை திறந்த நாளில் முதல் போண்டாவை வாங்கியது ஓர் ஆமை. அதற்குப் பிறகு அது ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கிழக்குக் கரையில் பொம்மி என்ற கரடி தேன் பணியாரக் கடை போடும்வரை!

பணியார வாசம் குளத்தைத் தாண்டி வந்தது. கருவாலனுக்கு வயிறு எரிந்தது. போண்டாவை எண்ணெயில் போட்டுவிட்டு எதிர்க்கரையில் நிற்கும் தலைகளை எண்ணும். "அங்கே பதினெட்டு! இங்கே பதினாறுதான்!" என்று பல்லைக் கடிக்கும். அதற்குள் போண்டா கருகிவிடும். தன் கடை வாசலில் பதினாறு பேர் பசியோடு நிற்கிறார்களே என்ற சந்தோஷம் அதற்கு வரவே இல்லை. பொறாமைக்குக் கண் உண்டு, ஆனால் அது அடுத்தவர் கடையைத்தான் பார்க்கும்.

"கூட்டத்தில் அவளை ஜெயிக்க முடியவில்லையா? கொட்டைக் குவியலில் ஜெயித்துக் காட்டுகிறேன்!" என்று கறுவிய கருவாலன், பக்கத்து மரத்து மரங்கொத்தியைக் கூப்பிட்டது.

"இனிமேல் வரிசையைப் பார்த்து நீ மரத்தில் விலையைத் தட்டு! ஐந்து பேர் வரை நின்றால் ஒரு கொட்டை, ஒரு தட்டு. ஐந்தைத் தாண்டினால் இரண்டு. பத்தைத் தாண்டினால் நான்கு! போண்டாவைக் கையில் வாங்கும்போது என்ன விலையோ, அதுதான் விலை!"

"அண்ணே, சாயங்காலம்தானே எல்லாருக்கும் பசிக்கும்? பசிக்கிற நேரம் பார்த்து ஏற்றினால் திட்டமாட்டார்களா?"

"பசித்தவன் கொடுப்பான்! நீ தட்டு!"

அன்று சாயங்காலம் வரிசையில் ஆமை மூன்றாவதாக நின்றது. டொக்! ஒரு தட்டு. ஆமை ஒரு கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. பின்னால் முயல் வந்தது, மான் வந்தது, காட்டுப்பன்றி தன் ஏழு குட்டிகளோடு வந்தது. டொக்! டொக்! டொக்! டொக்!

"நான்கு கொட்டை எடும், ஆமையாரே!" என்றது கருவாலன்.

"நான் வந்து நின்றபோது ஒன்றுதானே?"

"நீர் நகர்ந்து வருவதற்குள் ஏறிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?"

ஆமை தன் ஒற்றைக் கொட்டையைப் பார்த்தது, திரும்பியது, வெறும் வயிற்றோடு நடந்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். அன்று கருவாலனின் குவியல் பொம்மியின் குவியலைவிட உயரம்! மரநாய்க்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஒரு வேடிக்கை நடந்தது. வரிசையில் ஐந்தாவதாக நின்ற முயல், பின்னால் வந்த மானைப் பார்த்துக் கத்தியது.

"இங்கே வராதே! நீ வந்து நின்றால் எனக்கு விலை ஏறும்!"

"வரிசை என்ன உன் வீட்டுச் சொத்தா?" என்றது மான்.

"போ, போ! எதிர்க்கரைக்குப் போ!" என்று முன்னால் நின்ற நால்வரும் சேர்ந்து விரட்டினார்கள்.

கடைக்கு வந்தவர்களைக் கடைக்கு வந்தவர்களே துரத்தினார்கள்! மான் போனது. பன்றியும் குட்டிகளும் போயின. அடுத்த நாள் சண்டை போட்டே சலித்துப்போய் முயலும் போனது.

கருவாலனால் பொறுக்க முடியவில்லை. குளத்தைச் சுற்றிக்கொண்டு பொம்மியிடம் ஓடியது.

"நாற்பது பேர் நிற்கிறார்கள்! நீயும் ஏற்றியிருப்பாய், வெளியே சொல்லாமல் மறைக்கிறாய்!"

"கூட்டம் வந்தால் இன்னொரு சட்டி வைப்பேன்" என்றாள் பொம்மி, பணியாரத்தைத் திருப்பிப் போட்டபடி. "அவர்கள் பசி என்ன நான் பிடித்த மீனா, ஏலம் போட?"

அங்கே இரண்டு சட்டி புகைந்துகொண்டிருந்தது. விலை அதே ஒரு கொட்டைதான். வரிசையில் நின்ற தன் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவரையும் பார்க்கப் பார்க்கக் கருவாலனுக்கு நெஞ்சு வெந்தது. ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அது மரங்கொத்தியை அனுப்பிவிட்டது. கை வலிக்க மாவு பிசைந்தது, ஒன்றுகூடக் கருகாமல் ஐம்பது போண்டா சுட்டது. சாயங்காலம் வந்தது. யாரும் வரவில்லை. கடைசியில் ஆமை மட்டும் மெல்ல மெல்ல அந்தப் பக்கமாக வந்தது. கருவாலன் துள்ளிக் குதித்தது.

"வாரும், ஆமையாரே! ஒரு கொட்டைதான்! சத்தியமாக ஒரு கொட்டைதான்! நீர்தான் முதல் போணி!"

ஆமை நின்றது. தனக்கும் கடைக்கும் நடுவே இருந்த பத்தடி தூரத்தைப் பார்த்தது.

"இப்போது ஒன்று, சரி. நான் நடந்து வந்து சேர்வதற்குள்?"

பதிலுக்குக் காத்திராமல் அது கிழக்குக் கரைக்கு நடையைக் கட்டியது. ஐம்பது போண்டாவும் கருவாலன் கண்முன்னே ஆறிப்போயின.

அடுத்தவர் கடையைப் பார்த்து வயிறெரிந்து, வந்தவர் பசிக்கு விலை ஏற்றியவன், பிறகு விலையை இறக்கினாலும் இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறமாட்டான்.