முன்னால் போன கார்

கார் கம்பெனியின் தலைமை டிசைனர் தனஞ்செயன், புது மாடல் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்குக்குள்ளேயே இண்டிகேட்டரை மயிரிழை போல ஒளித்து வைத்திருந்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"தனியா ஆரஞ்சுல வெச்சா பளிச்சுன்னு தெரியும் சார்," என்றாள் டெஸ்ட் டிரைவர் மரியசெல்வி.

"இது தெரியலைன்னு இன்னிக்கே நிரூபி. இல்லேன்னா வேற வேலை தேடிக்கோ."

"ஆகட்டும் சார். முதல்ல ஒரு நல்ல பிரியாணி சாப்பிடுவோம். கடை எனக்குத் தெரியும், உங்க கார்ல பின்னாலேயே வாங்க."

அந்தப் புதுக் காரை முன்னால் ஓட்டிப் போனவள், மேம்பாலத்துக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் திரும்பிவிட்டாள். தனஞ்செயன் நேராகப் பாலத்தில் ஏறி, டோல்கேட்டில் போய் நின்றார்.

"திரும்பும்போது இண்டிகேட்டர் போட மாட்டியா?" என்று போனில் கத்தினார்.

"போட்டேனே சார். நீங்க வரைஞ்சதுதான்."

தனஞ்செயன் டோலுக்குப் பணத்தை எடுத்து நீட்டினார்.

"ஆரஞ்சே வெச்சிடலாம். எனக்கு ஒரு லெக் பீஸ் எடுத்து வை."