முதுகுக் காயத்துக்கு ஒரு தீர்ப்பு

செங்காட்டூர் ராஜாவிடம் இடும்பனார் என்று ஒரு தளவாய் இருந்தார். போர் நடந்தவரை அவரால் நாட்டுக்கு நன்மை. போர் நின்ற பிறகு அவரால் ஒருவருக்கும் தூக்கமில்லை. விடியுமுன் முரசடித்துக் குதிரைகளை ஓடவிடுவார். குழம்பில் உப்புக் குறைந்தால் சமையல்காரன்மேல் வாளை உருவுவார்.

அந்தச் சமயம் பார்த்து ஊர் நீதிபதி காலமானார். ராஜா யோசிக்கவேயில்லை.

"இடும்பனாரை அங்கே உட்காரவையுங்கள்," என்றார்.

பெரிய இடத்தில் சும்மா இருக்கும் ஆளுக்கு ஒரு வேலை தேடினால் அது கடைசியில் நம் தலையில்தான் வந்து விடிகிறது. யாரிடம் போய் அழுவது?

தளவாய்க்குச் சட்டம் தெரியாது. சாட்சி சொல்ல வந்தவர்களைக் கண்டால் கொட்டாவி வரும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் காயம்தான். போர்க்களத்தில் நெஞ்சில் காயம் பட்டவன் வீரன். முதுகில் பட்டவன் ஓடிப்போன கோழை. வீரன் பொய் சொல்லமாட்டான், கோழை சொல்வான். அவ்வளவுதான். "மேல்துண்டை எடு," என்பார். முன்னும் பின்னும் பார்ப்பார். தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ஊரும் சீக்கிரமே கற்றுக்கொண்டது. வழக்குக்கு வந்தவர்கள் வாசலிலேயே நார்த்தை முள்ளால் நெஞ்சைக் கீறிக்கொண்டு உள்ளே போனார்கள். முள் விற்க ஒருவன் கடை போட்டான். கீறலுக்குப் பூச மஞ்சளும் அவனிடமே கிடைத்தது. பெண்களின் வழக்கை எப்படி விசாரிப்பது என்று மட்டும் தளவாய்க்கு விளங்கவில்லை. அதனால் பெண்களுக்கு வழக்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் ராஜா வேடிக்கை பார்க்க வந்தார். கூடவே அவருடைய ஆலோசகர் அம்பலவாணரும் வந்தார். அன்று நின்றவன் சடையன், சின்ன விவசாயி. வயலுக்குத் தண்ணீர் விடும் தன் முறை வந்ததும் மடை திறக்கக் குனிந்திருக்கிறான். பண்ணையார் நல்லதம்பி பின்னால் வந்து மண்வெட்டிக் காம்பால் முதுகில் போட்டுவிட்டார். தண்ணீர் முழுக்கத் தமக்கே வேண்டுமாம்.

"பொய், தளவாய்," என்றார் பண்ணையார். "இவன்தான் என்னை வெட்ட வந்தான். இதோ நெஞ்சைப் பாருங்கள். நான் முறைத்தேன், திரும்பி ஓடி வரப்பில் வழுக்கி மல்லாக்க விழுந்தான்."

பண்ணையார் நெஞ்சில் புதுக் கீறல் மஞ்சளோடு மின்னியது. சடையன் முதுகோ கன்றிப்போய்க் கிடந்தது.

சடையன் மனைவி வெள்ளாச்சி பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். "குனிஞ்சு மடை திறக்கறவன் நெஞ்சையா சாமி வானத்துக்குக் காட்டுவான்?"

"பெண்களுக்கு வழக்கில்லை," என்றார் தளவாய். "சடையன் கோழை. கசையடி கொடுங்கள். அவன் முறைத் தண்ணீர் இனிப் பண்ணையாருக்கு."

வெள்ளாச்சி தலையில் அடித்துக்கொண்டாள். பயிர் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் போனால் அந்த வருஷச் சோறே போயிற்று.

ராஜாவுக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் தலையிட்டால் தளவாய் கோபித்துக்கொண்டு அரண்மனைக்கே திரும்பிவிடுவாரே என்று பயம். அம்பலவாணரைப் பார்த்தார்.

அம்பலவாணர் எழுந்தார். "அருமையான தீர்ப்பு. கசையடி எங்கே விழவேண்டும், தளவாய்?"

"முதுகில்தான். இதென்ன கேள்வி?"

"சரிதான். உங்கள் படையில் ஒரு வீரன் எதிரியை முதுகில் அடித்தால் என்ன செய்வீர்கள்?"

"மீசையை மழித்துத் துரத்துவேன்."

சபையில் சேவகம் பார்த்தவர்கள் எல்லாரும் தளவாயின் பழைய வீரர்கள். ஒவ்வொருவர் கையும் தானாக மீசைக்குப் போயிற்று. கசையை எடுக்க ஆளில்லை.

"அப்படியானால் நெஞ்சில் அடியுங்கள்," என்றார் தளவாய்.

"அடிக்கலாம். நாளைக்கே நெஞ்சுக் காயத்தோடு வந்து நிற்பான். நீங்களே அவனை வீரன் என்று சொல்லும்படி ஆகும்."

தளவாய் தாடையைச் சொறிந்தார்.

"ஒரு வழி இருக்கிறது," என்றார் அம்பலவாணர். "முதுகில் அடிக்கக் கூசாத ஒரு கை வேண்டும். அடிப்பவருக்கு ராஜா பட்டு அங்கவஸ்திரம் போர்த்துவார்."

வீரர்கள் தரையைப் பார்த்தார்கள். பண்ணையாருக்குப் பட்டு என்றதும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து கசையை எடுத்துக்கொண்டார்.

"உமக்குக் கூசவில்லையா?" என்றார் தளவாய்.

"இதில் என்ன கூச்சம்? முன்னால் போய் நின்றால் இந்தப் பயல் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொள்வான். பின்னால் போனால்தான் காரியம் சுலபம். அன்றைக்கு விழுகிற வரைக்கும் அவனுக்குத் தெரியவேயில்லை."

சபையே பண்ணையாரைத் திரும்பிப் பார்த்தது. சொன்னது என்ன என்று பண்ணையாருக்கே அப்புறம்தான் உறைத்தது.

"பழகிய கை, தளவாய்," என்றார் அம்பலவாணர்.

தளவாயின் முகம் சிவந்தது. ஒரு கோழையை வீரன் என்று சொல்லிவிட்டோமே என்ற வெட்கம். "தண்ணீர் சடையனுக்கே. இந்த ஆளைக் கட்டுங்கள். அடியுங்கள்."

ஒரு வீரன் பணிவாகக் கேட்டான். "எங்கே அடிப்பது, தளவாய்? முதுகிலா, நெஞ்சிலா?"

ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"அம்பலவாணரே, நீரே சொல்லும். இவரை என்ன செய்யலாம்?"

"அடியே வேண்டாம், மகாராஜா. அறுவடை வரைக்கும் சடையன் வயலுக்குப் பண்ணையார் தாமே குனிந்து மடை திறக்கட்டும். சடையன் மண்வெட்டியோடு பின்னால் நிற்பான். நின்றால் போதும்."

பண்ணையார் தம் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ராஜா அந்தப் பட்டு அங்கவஸ்திரத்தை அம்பலவாணர் தோளிலேயே போட்டார். தளவாயும் வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

வெள்ளாச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"சாமி, என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி. ரொம்ப நேரம் நிக்க முடியாது. மண்வெட்டியோட நான் நிக்கிறேன்."