தாய்மாமன் கேட்ட உத்தரவு

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. நான் போயிருவேன்” என்றார் ஆவுடையப்பன்.

மடத்தம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எங்க போகணும்?”

“என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு.”

“அதுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?”

ஆவுடையப்பன் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்பது பெரிய பேச்சு. இரண்டு ஓட்டுச் சாய்ப்பு, ஒரு கிணறு, ஒரு சமையல் கொட்டகை, அவ்வளவுதான். அம்மா காவி கட்டுவதில்லை, உபதேசம் செய்வதில்லை. வயதும் நாற்பதுக்கு மேல் இராது. ஆனாலும் மனம் நொந்தவர்கள் பஸ் ஏறி அவளைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு. தன்னைவிடச் சின்னவள் முன்னால் கைகட்டி நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்றைச் சுமந்து வந்திருந்ததால் நின்றார்.

“தங்கச்சி வீட்டை ஊர் விலக்கி வச்சிருக்கும்மா.”

“எதுக்காம்?”

“எங்க ஊர்ப் பெரிய வீட்டுக்காரரு குளத்தை வளைச்சு வேலி போட்டாரு. கோர்ட்டுல கேஸ். வேலி போட்டதைக் கண்ணால பார்த்தேன்னு என் மச்சான் சாட்சி சொல்லிட்டாரு.”

“பார்த்தாரா?”

“எல்லாரும்தான் பார்த்தோம்.”

அம்மா முறத்தைத் தட்டினாள். தூசி பறந்தது.

ஆவுடையப்பனின் ஊரில் கூட்டம் கூடினால் யாரும் கை தூக்குவதில்லை. ஒரு வெற்றிலைத் தட்டு சுற்றிவரும். தட்டிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்தால் சம்மதம். எடுக்காதவன் என்று அந்த ஊரில் இதுவரை ஒருத்தனும் இருந்ததில்லை. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதனால் யாருக்கும் தெரியாது. தங்கை வீட்டை விலக்கவும் அந்தத் தட்டுதான் சுற்றியது என்று ஆவுடையப்பன் சொன்னார்.

“தட்டு உங்ககிட்ட வந்துச்சா?”

“வந்துச்சு. எனக்கு முன்னால நாப்பது பேரு எடுத்தாச்சு.”

“எடுத்தியளா?”

“எல்லாரும் எடுத்தாவ. நானும் எடுத்தேன்.”

“எடுத்து?”

“வாயில போட்டு மென்னேன்மா. எல்லாரும் மென்னாவ.”

சொல்லிவிட்டு ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை அவரே பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம். தங்கை கோமதியின் வீடு அதே தெருவில் பதினோரு வீடு தள்ளி. அவளோடு யாரும் பேசக்கூடாது. கடையில் உப்புக்கூடத் தரமாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு அந்த வாசலை மிதித்தவனுக்கும் அதே கதிதான்.

“போன ஐப்பசியில மச்சான் தவறிட்டாரு. தூக்க ஆளில்ல. டவுன்ல இருந்து வண்டி வச்சுக் கூலிக்கு நாலு பேரு வந்தாவ. அவர் மக செண்பகம் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கிட்டு முன்னால போச்சு. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்.”

“கதவைத் திறந்தியளா?”

“இல்ல.”

இந்த இடத்தில் அவர் அழுதார். பொய் அழுகை இல்லை. மேல்துண்டு நனைகிற அழுகை.

அழட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள்.

“அந்தச் செண்பகத்துக்குத்தான் வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். அவ வீட்டு வாசல்லயே பந்தல். மாப்பிள்ளை வீட்டுக்காரவ வெளியூரு. எங்க ஊர்ச் சண்டை எல்லாம் அவங்களுக்கு வேண்டாம். ஆனா தாய்மாமன் முறைக்கு ஒரு ஆள் நின்னு, பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும், அது இல்லாமத் தாலி ஏறாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாவ. என் அண்ணன் வருவாருன்னு கோமதி வாக்குக் குடுத்துட்டா.”

“உங்ககிட்ட கேட்டாளா?”

“பத்திரிகையைக் கதவுக்கடியில தள்ளிவிட்டிருந்தா. அதுல பேனாவால ஒரு வரி. ‘அண்ணா, செண்பகத்துக்கு நீ மட்டும்தான்.’”

“போகணும்னு உங்களுக்கு இருக்கா?”

“இருக்கும்மா. சத்தியமா இருக்கு. ஆனா என் மவன் அங்க கடை வச்சிருக்கான். மருமக மாசமா இருக்கா. நான் அந்த வாசலை மிதிச்சா எங்களையும் விலக்கிருவாவ. அதான் உங்ககிட்ட வந்தேன். போய்ட்டு வான்னு நீங்க உத்தரவு போட்டிருங்க. மடத்தம்மா சொல்லிட்டாவ, தட்ட முடியலைன்னு ஊர்ல சொல்லிக்கிடுவேன். சாமி காரியம்னா ஊரு வாயை மூடிக்கிடும்.”

“போகாதியன்னு நான் சொன்னா?”

ஆவுடையப்பனின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னைக்குத் திங்கள்தானே. இருங்க அண்ணாச்சி. சாப்பாட்டு நேரமாச்சு” என்றாள்.

சாய்ப்பில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வரிசையைவிட்டு விலகி, விறகு அடுக்கியிருந்த மூலையில் ஓர் இலை தனியாகக் கிடந்தது. அதன் முன்னால் ஒரு மெலிந்த மனிதர், அறுபது வயது இருக்கும், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஆவுடையப்பனுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். அந்த விஷயத்தில் அவருக்கு நல்ல பழக்கம். மூலையிலிருந்து எத்தனை தள்ளி உட்கார முடியுமோ அத்தனை தள்ளி உட்கார்ந்தார்.

சாயங்காலம் கிணற்றடியில் அந்த மனிதர் பக்கத்தில் வந்தார்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

ஆவுடையப்பன் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வாளி இறைத்தார். அதையும் ஊற்றிக்கொண்டார். கால் கழுவி எப்போதோ முடிந்திருந்தது.

அந்த மனிதர் சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்த இருவர் தன்னைக் கவனித்ததை ஆவுடையப்பன் பார்த்தார். நல்லவேளை, பேசாமல் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் போனார்.

“உத்தரவு…”

“பூசணிக் கொடி வாடுது அண்ணாச்சி. தண்ணி ஊத்துங்க.”

ஊற்றினார். இதில் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று மதியம் வரை யோசித்தார். கொடி வாடியிருந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை புதிதாக ஒருவர் வந்தார். ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றும் தெரியாமல் விறகு மூலைப் பக்கம் இலையோடு போனார். மூலையில் இருந்தவர் அவசர அவசரமாகத் தன் செம்பை நகர்த்தி இடம் விட்டார்.

ஆவுடையப்பன் பாதிச் சோற்றில் எழுந்து போய், புதிதாக வந்தவரின் தோளைத் தொட்டார்.

“அங்க வேண்டாம் சார். இங்க வாங்க.”

“ஏன்? இடம் இருக்கே?”

“இங்க அப்படித்தான்.”

மூலையில் இருந்தவர் செம்பைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆவுடையப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. கிணற்றடியில் எல்லோரும் இருக்கும்போதே அம்மாவிடம் குரலை உயர்த்தினார்.

“நாளைக்குக் காலையில ஒன்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம்மா! மொத பஸ்ஸை விட்டா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மாமன் முறைக்கு ஆளில்லாம பிள்ளை சபையில தனியா நிக்கும். கல்யாணம் நின்னாலும் நின்னுரும். ஏதாவது சொல்லுங்க!”

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அவரை நன்றாக ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆவுடையப்பன் இருட்டு விலகுமுன்னே குளித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். திருநீறு பூசினார். பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். எப்போது கூப்பிட்டாலும் எழுந்து ஓடுகிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே அம்மா மாவு ஆட்டுகிற சத்தம் கேட்டது.

மூலை இலைக்காரர் ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு படியிறங்கினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி. வரலையா?”

ஆவுடையப்பன் மலையைப் பார்த்தார். அந்நேரத்துக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் நடந்து மறைகிற வரை மலையையே பார்த்தார்.

கீழே ரோட்டில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஆவுடையப்பன் சமையல் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். மாவு ஆட்டுகிற சத்தம் நிற்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த பஸ்ஸில் போனால் தாலி கட்டினபிறகாவது போய்ச் சேரலாம் என்று நினைத்தார். அதுவும் வந்தது. அதுவும் போனது.

ஒன்பதானது. பத்தானது. பத்தரையும் ஆனது. அதன்பிறகு அவர் கடிகாரம் பார்க்கவில்லை. யாராவது தன்னை அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. யாரும் அடிக்கவில்லை.

மதியம் இலை போட்டார்கள். மூலை காலியாக இருந்தது. ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போனார்.

“எல்லாம் முடிஞ்சிருக்கும்மா.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நாலு நாளா நாயாக் காத்துக்கிடந்தேனே! அந்தப் பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியளே!”

தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. ஆனாலும் அவர் கோபம் இறங்கவில்லை. கோபத்தை இறக்கி வைத்தால் கையில் வேறொன்றும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா அடுப்பிலிருந்து விறகை இழுத்து வெளியே போட்டாள்.

“அந்த மூலையில ஒருத்தரு உக்காந்தாருல்லா. ஏன் அங்க உக்காந்தாரு, தெரியுமா?”

“விலக்கி வச்சிருந்திய.”

“யாரு?”

“நீங்கதான். இல்ல… இங்க உள்ளவங்க.”

“யாரும் சொன்னாங்களா?”

“சொல்லணுமா? பார்த்தாத் தெரியாதா?”

“போன சனிக்கிழமை கூட்டம் சாஸ்தி. வரிசையில இடம் இல்ல. பரிமாறுறவ ஒரு இலையை மூலையில போட்டா. அவ்வளவுதான். மறுநாள் வரிசையில இடம் இருந்துச்சு. அவராப் போய் மூலையிலயே உக்காந்துட்டாரு. அவங்க ஊர்ல அவரை விலக்கிப் பதினோரு வருஷமாகுது. தனியா ஒரு இலையைக் கண்டதும் தனக்குத்தான்னு நினைச்சுட்டாரு. பின்னால வந்த நீங்க எல்லாரும் அதையேதான் நினைச்சிய.”

ஆவுடையப்பன் வெளியே அந்த விறகு மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“யாராவது ஒருத்தராவது அவரு பக்கத்துல இலையைப் போடுவியன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்றாள் அம்மா. அவள் குரலும் கசந்துதான் இருந்தது. “பேரு கொம்பையா. கேட்டியளா அவரு பேரை?”

“இல்ல.”

“கேக்கணும்னு தோணுச்சா?”

“இப்ப எங்க அவரு? ஊருக்குப் போய்ட்டாரா?”

“ஆமா. ஊருக்குத்தான்.”

“அவங்க ஊர்ல சேர்த்துக்கிட்டாவளா?”

“அவரு ஊருக்கு இல்ல. உங்க ஊருக்கு.”

ஆவுடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை.

“நேத்துக் கிணத்தடியில நீங்க சொன்னதைக் கேட்டிருக்காரு. ஒரு பிள்ளைக்கு மாமன் முறைக்கு ஆளில்லைன்னு. காலையில தோட்டத்துல இருந்த செவ்வந்தி முச்சூடும் பறிச்சு மாலை கட்டி இலையில பொதிஞ்சுக்கிட்டாரு. நான் நிக்கேன் அந்தப் பிள்ளைக்குன்னாரு.”

ஆவுடையப்பன் கொட்டகை வாசலுக்கு வந்து வெளிப்படியைப் பார்த்தார். படிக்குக் கீழே நின்று திரும்பிக் கேட்ட அந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். முகம் வரவில்லை. அவர்தான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே.

பிறகு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

“அப்போ அவருக்கு மட்டும் சொல்லியிருக்கிய! எனக்குக் குடுக்காத உத்தரவை முன்பின் தெரியாத அந்த ஆளுக்குக் குடுத்திருக்கிய!”

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அவரு உத்தரவு கேக்கலை அண்ணாச்சி. எந்த பஸ்னு மட்டும்தான் கேட்டாரு.”